திங்கட்கிழமை ரத்தம்

திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்தில் ஆறு பேர் ரத்தம் கொடுப்பார்கள். அது அங்கே வழக்கம். ஆறு பேரின் ரத்தத்தையும் சுழற்றி, சிவப்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலப்பார்கள். அந்த வாரம் முழுவதும் அதுதான் அளவுகோல். நோயாளியின் ரத்தம் அதைவிட மெதுவாக உறைகிறதா, வேகமாக உறைகிறதா என்று கணினி சொல்லும். திரையில் அந்தக் கலவையின் பெயர் நார்மல். மதிப்பு எப்போதும் ஒன்று.

அன்று ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

"மேடம், உங்க வீட்டு ஆளை விட்டுக் கொடுங்க," என்றான் முபாரக். உறைதல் சோதனைகள் எல்லாம் அவன் பொறுப்பு.

வீட்டு ஆள் என்றது கிளாட்வினை. முபாரக்கின் மேலதிகாரி ஜெசிந்தாவின் தங்கை ஷைனியின் கணவன். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அம்மா இல்லாததால் ஷைனி தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்க அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கினான். ஜெசிந்தா மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தவன், வாசலோடு திரும்பியிருக்கலாம்.

"ரத்தம் எடுப்பியன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா மயினி? ரெண்டு இட்லி கூடத் தின்னுட்டு வந்திருப்பேன்."

"ஒரு குழாய்தான் தம்பி."

"ஊசி பெருசா இருக்கே."

"கிரேன் ஓட்டுறவரு ஊசிக்குப் பயப்படுறாரு," என்று முபாரக் சிரித்தான். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா சார்? அதுதான் முதல் விதி."

"காய்ச்சல்னா ஒண்ணு போடுவேன். அதுவும் இவிய தங்கச்சி வஞ்சாத்தான்."

கலப்பதற்கு முன் ஒவ்வொருவர் பிளாஸ்மாவையும் தனியாக ஓட்டிப் பார்ப்பார்கள். முபாரக் திரையைப் பார்த்தான். மீண்டும் ஓட்டினான்.

"சார், கால் வீங்குமா உங்களுக்கு?"

"ஏன்?"

"மூச்சு வாங்குமா?"

கிளாட்வின் ஜெசிந்தாவைப் பார்த்தான். "மயினி, என்ன கேக்காரு இவரு?"

"ஒன்னுன்னு வரணும் மேடம். இவருக்கு அரைதான் வருது. நம்மளைவிட ரெண்டு மடங்கு வேகமா உறையுது. ரத்தம் இல்ல, ஃபெவிகால்."

கிளாட்வின் சிரிக்கவில்லை. "எங்கப்பா நெஞ்சு வலியிலதான் போனாரு. குளிச்சிட்டு வந்து உக்காந்தவரு."

ஜெசிந்தா மேசை இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை அட்டை உள்ளே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை. நாட்டில் வேறு எந்த நிறுவனத்திடமும் அது இல்லை. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் எழுபத்தொன்று, அவர்கள் வரைந்த எழுபத்தொன்றாவது மூலக்கூறு என்பதால். ரத்தக் குழாய்க்குள் கட்டி உண்டாகாது. காயம் ஆறும். அதை வரைந்தவள் ஜெசிந்தா. கல்லீரல் கடித்து உடைக்கக்கூடிய இடம் ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளூரின் அணுவை வைத்து அடைத்தாள். கடைசியில் கல்லீரலுக்குக் கடிக்க இடமே இல்லாமல் போனது. மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அட்டையை எடுத்தாள்.

"எல்லாரும் ஏன் கையை மடக்கியே வச்சிருக்கிய?" என்றான் கிளாட்வின்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரத்தம் கொடுத்தவர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சு. மறு கையில் தேநீர். திங்கட்கிழமை அப்படித்தான். ரத்தம் கொடுத்தால் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் கையை மடக்கி உட்காருவது. அந்த வழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அவள் கையும் மடங்கித்தான் இருந்தது.

கிளாட்வின் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுவிட்டான். அவனுடைய பஞ்சு குப்பைக்கூடையில் கிடந்தது. அதில் ஒரு புள்ளி.

அவள் அட்டையை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினாள்.

"முபாரக். மருந்து வெளியே வர்றதுக்கு முன்னாடி எடுத்த நார்மல் உறைபெட்டியில இருக்கா?"

"முதல் சோதனைக்கு வெச்ச டப்பா இருக்கு. ஏன் மேடம்?"

"எடு."

*

பழைய பிளாஸ்மா உருகியது. ஓட்டினார்கள். அரை வந்தது. கிளாட்வினுக்கு வந்த அதே அரை.

"கெட்டுப் போயிருக்கும்," என்றான் முபாரக்.

"கெட்டுப்போனா மெதுவாத்தான் உறையும். வேகமா உறையாது."

அவனுக்கும் அது தெரியும். பழையதை ஒன்று என்று வைத்து மற்றவர்களை ஓட்டினான். ஐந்து பேருக்கும் இரண்டு, இரண்டு என்று வந்தது. ஜெசிந்தாவுக்குச் சற்றுக் கூட.

"எப்படி மேடம் நாம பாக்காம விட்டோம்?"

"திரையில என்ன தெரியும்?"

"விகிதம். வினாடியை யார் பாக்குறா? ரீஏஜென்ட் பாட்டில் மாறினா வினாடி மாறும். அதனாலதானே விகிதம்." அவன் நிறுத்தினான். "நம்மளை நாமளே வகுத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

கிளாட்வினைத் தேநீர்க் கடைக்கு அனுப்பியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே அவன் நின்று யாரிடமோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"நாம யாரும் அந்த மாத்திரை சாப்பிடலையே மேடம்."

"தண்ணி குடிக்கிறோம்."

முபாரக் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. மெதுவாக மேசையில் வைத்தான்.

பெரிய வறட்சிக்குப் பிறகு நகரம் தன் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து ஏரியில் விட்டு, ஏரியிலிருந்து குடித்தது. மணல், கரி, புற ஊதா ஒளி. பத்தில் ஒருவர் அந்த மாத்திரை எடுத்தார். உள்ளே போன எழுபத்தொன்று உடையாமல், சிறுநீரோடு அப்படியே வெளியே வந்தது.

"சுத்திகரிப்புல செத்துடாதா?"

"உயிர் இருந்தாத்தானே சாகும். கல்லீரலே உடைக்க முடியாததை மணலும் கரியும் என்ன செய்யும்?"

"கொஞ்சமாத்தானே இருக்கும்?"

"கொஞ்சம்தான். ஆனா தினமும். உள்ள போற அளவுக்கு வெளிய வர்றதில்ல. ரத்தத்துல ஒரு புரதத்தைத்தான் அது பிடிக்கணும். அளவு கூடினா பக்கத்துல இருக்கறதையும் பிடிக்கும். அதைப் பிடிச்சா காயமும் ஆறாது."

"கேன் தண்ணி?"

"இதே ஏரி ஊறின நிலத்தடிதான்."

முபாரக் தன் முழங்கைப் பஞ்சை எடுத்துப் பார்த்தான். மீண்டும் வைத்து அழுத்திக்கொண்டான்.

"உங்க தங்கச்சி எப்ப வந்தாங்க?"

அவள் ஏற்கெனவே அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம் வந்தாள். இது ஒன்பதாம் மாதம்.

*

ஷைனி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, பெரிய சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்காவ. வயித்துக்குள்ள பிள்ள நீச்சல் அடிக்கும் பாரு."

ஜெசிந்தா சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இளநி வாங்கிட்டு வந்திருக்கேன். இனி இதைக் குடி."

"அம்புட்டையுமா? கடையவே தூக்கிட்டு வந்துட்டியா?"

"கையை நீட்டு. ஒரு சோதனை."

"பாவி, உன் ஆபீஸ்ல ரத்தம் தீந்துபோச்சா?" ஷைனி கையை நீட்டினாள். "அவியளுக்கும் ஊசி குத்துனியாமே. ஃபெவிகால்னு சொன்னியளாம். ஒரே பெருமை."

ஊசியை எடுத்ததும் ஜெசிந்தா பஞ்சை வைத்து அழுத்தினாள். விடவில்லை.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"வருது. மாசமா இருந்தா வருமாம்லா. நம்ம டாக்டரம்மா நார்மல்னுட்டாவ." ஷைனி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல."

"உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலயே வராது. பிள்ளைக்கு ஏதுமா?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

அதைச் சொன்னபோது அவள் பிள்ளையைப் பற்றி யோசிக்கவில்லை. தாயைப் பற்றித்தான் யோசித்தாள்.

மாலையில் முபாரக் அழைத்தான். ஷைனியின் எண் வந்துவிட்டது என்றான்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலயா?" என்று கேட்டாள்.

"மூணுக்கு மேல மேடம். நிறையத் தண்ணி குடிச்சிருக்காங்க."

*

நிறுவனத்தை நடத்திய பத்ரி நாராயணன் பேசுபவரை இடைமறிக்க மாட்டார். முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாத்தீங்களா?"

"மூணு தடவை."

"ஜெசி, நம்ம நகரத்துல பக்கவாத வார்டு பாதி காலியா இருக்கு. போன வருஷம் எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. மாத்திரை சாப்பிடாதவங்களுக்கும் ஏன் குறையுதுன்னு." அவர் குரலில் ஏதோ மலர்ந்தது. "இதுதான் காரணம்."

"பிரசவ வார்டு சார்?"

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விபத்து வார்டு? சாரத்துலேருந்து விழறவங்க?"

"மாத்திரையை இன்னைக்கே நிறுத்தினாலும் தண்ணியில இருக்கிறது இருக்கும். ஏரியை என்ன செய்வீங்க? ஜனங்க கிட்ட என்ன சொல்றது? தண்ணி குடிக்காதீங்கன்னா? பயத்துல எத்தனை பேர் சாவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"இதை முறிக்கிற மருந்து இருந்தா..."

"இல்ல."

"நான் வரைஞ்சு வெச்சிருந்தேன்."

"தேவையே வராதுன்னு நான் நிறுத்தினேன். கையெழுத்து உங்களோடதும்தான்." அவர் நாக்கால் உள்கன்னத்தைத் தொட்டார். "போன மாசம் ஒரு பல் எடுத்தேன். ரெண்டு நாள் பஞ்சு வெச்சுக்கிட்டே இருந்தேன். டாக்டர் வயசுன்னார்."

அவர் மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தங்கச்சிக்கு எப்ப?"

"வியாழக்கிழமை. சிசேரியன்."

"முதல்ல அவங்களைப் பாருங்க," என்றார். "மத்ததை அப்புறம் பேசலாம்."

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவர் எதையும் மறுக்கவும் இல்லை. எதற்கும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

*

மகப்பேறு மருத்துவர் கற்பகவல்லி கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"எங்க லேப் ரிப்போர்ட், ஏழாம் மாசம் எடுத்தது. ஒன்று புள்ளி ஒன்று. நார்மல்மா."

"உங்க லேப்ல நார்மல் எங்கேருந்து எடுக்கறாங்க டாக்டர்?"

"ஸ்டாஃப் கிட்டதான். எல்லா இடத்துலயும் அப்படித்தானே."

"அவங்க எந்தத் தண்ணி குடிக்கறாங்க?"

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, ஒரு பைத்தியக்காரி பேசுவதுபோல் அவளுக்கே கேட்டது. கற்பகவல்லி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒரு கேஸுக்கு ஒரு யூனிட் ரத்தம் ரெடியா வெப்போம்," என்றார் கடைசியில். "இப்ப மூணு வெக்கிறோம். யாரும் உத்தரவு போடல. தேவைப்பட்டுது, வெச்சோம். தையல் போடற நேரமும் கூடிப்போச்சு. எனக்குக் கை தளர்ந்துபோச்சுன்னு நினைச்சேன்." பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பண்ணணும்?"

"வெளியூர் பிளாஸ்மா. நிறைய. புதுப் புரதம் ஏத்திக்கிட்டே இருந்தா, பிடிக்க எழுபத்தொன்று மிச்சம் இருக்காது. ஒரு நாள் தாங்கும். அந்த ஒரு நாள் போதும்."

"இல்லேன்னா இவங்களை ஊருக்கு அனுப்பிடலாமே?"

"உடம்புல இருக்கிறது கூடவே போகும். அது வெளியேற ஒரு வருஷம் ஆகும்."

"ரத்த வங்கியில இருக்கறது எல்லாம் உள்ளூர்க்காரங்க ரத்தம்."

"தெரியும்."

வெளியே கிளாட்வின் சுவரில் சாய்ந்து நின்றான். அவனிடம் பாதிதான் சொன்னாள். ஷைனிக்கு ரத்தம் நிற்பது கஷ்டம், உங்கள் ஊர் ஆட்கள் வேண்டும் என்று.

"எத்தன பேரு வேணும் மயினி?"

"ஆறு பேராவது."

அவன் தொலைபேசியை எடுத்தான். "லே மக்கா, சுதன், யாரெல்லாம் ஷிப்ட்ல இருக்கிய? எல்லாவனையும் வண்டியில ஏத்து... சென்னைக்கு. ரத்தம் குடுக்க... பிரியாணி உண்டும்ல, வாங்கித் தாரேன். நான் வெளாடல. வாங்கலே." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

பதினொரு பேர் வந்தார்கள். வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊரிலிருந்து தண்ணீர்க் கேன்களையும் ஏற்றி வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டு அவர்கள் சிரித்தார்கள். முபாரக் ஒவ்வொருவரையும் பழைய நார்மலோடு ஓட்டினான். எல்லோருக்கும் ஒன்று. அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மையான ஒன்னு மேடம்," என்றான்.

அவர்களில் ஏழு பேரின் ரத்த வகை பொருந்தியது. கிளாட்வினுடையது ஏபி. அவன் பிளாஸ்மா யாருக்கும் சேரும் வகை.

*

வியாழக்கிழமை காலையில் அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் கிரேன் ஓட்டுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கையை மடக்கி வைத்திருக்கவில்லை. ஜெசிந்தா அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தையின் அழுகை கேட்டது. கிளாட்வின் எழுந்தான். கதவு திறக்கவில்லை. உட்கார்ந்தான்.

ஒரு செவிலி வெளியே வந்து ஓடினாள். இரண்டு பைகளோடு திரும்பி ஓடினாள். மஞ்சள் பைகள். மீண்டும் வந்தாள். மீண்டும் மஞ்சள். பிறகு சிவப்பு.

"ஏன் மயினி ஓடுதாவ?"

"ஏத்துறாங்க தம்பி."

"நிக்கலையா?"

அவள் குனிந்துகொண்டாள். தரையில் செவிலியின் செருப்புத் தடங்கள் சிவப்பாக விழுந்திருந்தன. பாதிப் பாதித் தடங்கள். கதவிலிருந்து விலக விலக மங்கிக்கொண்டே போயின.

அடுத்த முறை கதவு திறந்தபோது கற்பகவல்லி நின்றார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

"நின்னுடுச்சு," என்றார். "கடைசிப் பையிலதான். திடீர்னு நின்னுது. அப்படி நிக்கிறதைப் பாத்து எனக்கு ரொம்ப நாள் ஆச்சு."

கிளாட்வின் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். பின்னால் இருந்தவன் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். "லே, பிரியாணி எங்க?"

*

மறுநாள் ஷைனிக்கு முகத்தில் நிறம் வந்திருந்தது. குழந்தை பக்கத்தில் கிடந்தது. ஆண் குழந்தை. கிளாட்வினின் காது.

ஜெசிந்தாவின் கைப்பையில் மூன்று பக்கங்கள் இருந்தன. அளவுகள், தேதிகள், இரு நார்மல்களின் எண்கள். மதியம் முபாரக்கோடு போய் அதை யாரிடமெல்லாம் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். பத்ரியிடம் சொல்லவில்லை. அந்த வாரத்தில் முதன்முறையாகத் தூங்கி எழுந்தவள்போல் அவள் இருந்தாள்.

செவிலி ஒருத்தி தட்டோடு வந்தாள். இளம் பெண். மூக்குத்தி.

"குட்டிப் பையனுக்கு ஒரு சின்ன ஊசி. குதிகால்ல. பொறந்த எல்லாருக்கும் எடுக்கறதுதான்."

"என் பிள்ளைய அழ வைக்கப் போறாவ," என்றாள் ஷைனி.

ஊசி குத்தியது. குழந்தை வீறிட்டது. செவிலி அட்டையில் மூன்று சொட்டு எடுத்துக்கொண்டு, குதிகாலில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"அப்பா, ஸ்வீட் பாக்ஸ் எங்க?" என்று கிளாட்வினைக் கேட்டாள்.

"சாயங்காலம் அல்வா வருது சிஸ்டர். ஊர்லருந்து."

பஞ்சு சிவந்தது. அவள் அதைப் பார்க்காமலே எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றை வைத்தாள். அதுவும் நுனியிலிருந்து சிவந்தது. மூன்றாவதை எடுத்தாள். தட்டில் பஞ்சுகள் ஒரே அளவில் வெட்டி, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு குழந்தைக்கு என்று பார்த்தால் நிறைய.

ஜெசிந்தா எழுந்து வந்தாள்.

சின்ன மூலக்கூறு. சின்னதாக இருப்பதுதான் அதன் சிறப்பு என்று மாநாட்டில் சொல்லியிருந்தாள். குடலைக் கடக்கும். எந்தச் சுவரையும் கடக்கும், நஞ்சுக்கொடியின் சுவரையும். தாயின் ரத்தம் நின்ற நொடியில் பிள்ளை ஏற்கெனவே வெளியே இருந்தது. ஏற்றிய மஞ்சள் எதுவும் அதற்குப் போகவில்லை.

"சிஸ்டர், நிக்கலையே."

"நிக்கும் மேடம். விடாம புடிச்சுக்கணும், அவ்ளோதான். பஞ்சு இங்க வெச்சுட்டுப் போறேன்."

"எல்லாக் குழந்தைக்கும் இப்படியா?"

"எல்லாத்துக்கும்தான். நான் இங்க சேர்ந்ததுலேருந்து பாக்கறேன்." செவிலி அவள் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்க. இது நார்மல்."

அவள் போய்விட்டாள். அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

ஜெசிந்தா குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. பஞ்சுக்கு அடியில் ஈரம் பரவுவது தெரிந்தது.

"என்னக்கா?" என்றாள் ஷைனி.

ஜெசிந்தா அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நின்ற கிளாட்வினைப் பார்த்தாள்.

"தம்பி, சட்டைக் கையை மடக்குங்க."

"இன்னுமா மயினி?" என்று அவன் சிரித்தான்.